மூடியைத் திறக்க வேண்டாம்

சனிக்கிழமை வருகிறோம் என்று சுவேதினி தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து செலீனா அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் காலையில் நினைப்பாள். கணவனின் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதாவது கதைத்துவிடுவாள்.

வவுனியா ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் மகள், அங்கேயே ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் றிபாத்தைப் பதிவுத் திருமணம் செய்து ஒன்றரை வருடமாகிறது. றிபாத் எருக்கலம்பிட்டி முஸ்லிம் பெடியன். பேசாலையில் பஸ் ஏறினால் அரை மணித்தியாலம்கூட எடுக்காத ஊர். அந்தத் தூரத்தை இரண்டு வீட்டுக்காரரும் இன்னும் கடக்கவில்லை.

கலியாணச் செய்தி வந்த கிழமையே செலீனாவின் கணவன் சிங்கராசா மாதா கோயில் வளவுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். இரத்தக் குழாய் அடைபட்டது பல வருடத்துச் சங்கதி, திடீரென்று வந்ததல்ல என்று டொக்டர் விளக்கமாகச் சொன்னார். மூத்தவன் டினேஷ் நம்பவில்லை. தகப்பனைத் தூக்கி வான் வண்டியில் ஏற்றியவன் அவன்.

"அவள் இந்தப் படலையால உள்ளுக்கு வந்தால், நான் வெளிய போயிருவன்" என்று அன்றைக்குச் சொன்னான். அதன்பிறகு தங்கையின் பெயரை அவன் வாயில் எடுக்கவேயில்லை.

சனிக்கிழமை விடிந்தது.

கடலால் வந்த டினேஷ் மீனைக் கொடுத்துவிட்டு வந்து முன்னறையில் படுத்துவிட்டான். சிங்கராசா முற்றத்து வேம்பின் கீழ் கதிரையில் இருந்து, கிழிந்த வலையொன்றை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். செலீனா குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அலுமாரிக்கு மேல் ஒரு வருடமாகத் தூங்கிய பெட்டியை இறக்கினாள்.

இலண்டனில் இருக்கும் தங்கை பெற்றிசியா, அத்தானுக்கு வருத்தம் வந்த பிறகு ஆரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பிய ஸ்லோ குக்கர் அது. எண்ணெய் இல்லாமல், தேங்காய்ப்பால் இல்லாமல், ஆறு மணித்தியாலம் மெல்ல மெல்ல வேகவைக்குமாம். ஆறு மணித்தியாலத்தில் தலைமன்னாருக்குப் போய் வந்து ஒரு நித்திரையும் கொள்ளலாம் என்று அப்போது சிரித்துவிட்டு மேலே ஏற்றியவள்தான் செலீனா.

இன்றைக்கு அவளுக்கு அந்தச் சட்டிதான் வேண்டும். ஏனென்றால் அதில் இதுவரை ஒன்றும் சமைக்கவில்லை.

அவளுடைய குசினியில் இருக்கிற இறைச்சிச் சட்டிகள் எல்லாவற்றிலும் பன்றி இறைச்சி காய்ச்சியிருக்கிறாள். நத்தாருக்கு, பாஸ்குவுக்கு, டினேஷின் முதல் நன்மைக்கு. தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தாலும் அது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அந்தப் பெடியனுக்கு அதில் சமைத்துப் போட அவளுக்கு மனமில்லை.

முந்தின நாள் மன்னாருக்குப் போய்ப் புதுச் சாப்பாட்டுக் கோப்பைகள், கரண்டிகள், ஒரு கத்தி, வெட்டுகிற பலகை எல்லாம் வாங்கினாள். திரும்பி வரும்போது எருக்கலம்பிட்டிச் சந்தியில் இறங்கிக் கோழிக் கடைக்குப் போனாள். தோலுரித்துத் துண்டு போட்ட கடைக்காரர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

"என்ன தங்கச்சி, வீட்டில விசேஷமோ?"

"மருமகன் வாறார்" என்றாள் செலீனா. அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் வரும்போது அதை மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

இப்போது தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, பெற்றிசியா அனுப்பியிருந்த குரல் பதிவைக் குறைந்த சத்தத்தில் போட்டாள்.

"அக்கா, கொழுப்பு எல்லாத்தையும் வெட்டி எறியுங்கோ. இஞ்சி, உள்ளி நல்லாத் தட்டிப் போடுங்கோ. சோயா சோஸ் உப்புக் குறைஞ்சதாப் பாத்து வாங்கினனீங்கள்தானே? அதிலயும் கொஞ்சம் போதும். ஒரு கரண்டி தேன், தேசிக்காய்ப் புளி, செத்தல் மிளகாய் ரெண்டு. கரட்டும் லீக்ஸும் அடியில போட்டு, மேல கோழியை அடுக்குங்கோ. புத்தகத்தில வைன் விடச் சொல்லியிருக்கும். அதை ஊத்திப்போடாதேங்கோ. தண்ணியும் வேண்டாம், கோழியே தண்ணி விடும். மூடினாப் பிறகு மூடியைத் திறக்க வேண்டாம். திறந்தால் சூடு போயிரும். திருப்பி ஏறக் கனநேரம் எடுக்கும்."

பெட்டிக்குள் இருந்த சமையல் புத்தகத்தில், அந்தப் படத்துக்குக் கீழ் 'ஏசியன் சிக்கன்' என்று போட்டிருந்தது. இவ்வளவு காலமும் நான் சமைத்தது எந்த நாட்டுக் கோழி என்று செலீனா நினைத்தாள். தேங்காய்ப்பாலுக்காகக் கை தானாகத் திருவலைப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் அடுக்கி, கண்ணாடி மூடியை வைத்து, சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

பின்னேரம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை என்று நினைத்தாள்.

கச்சான் காற்று காலையிலிருந்தே பிடித்திருந்தது. மண்ணை அள்ளி யன்னலில் அடித்தது. மத்தியானமாக, குசினி விசிறி மெல்லச் சுற்றி நின்றது. செலீனா திரும்பிப் பார்த்தாள். சிவப்பு விளக்கும் இல்லை.

காற்றுக்கு எங்கேயோ வயர் அறுந்துவிட்டது, எப்போது வருமென்று தெரியாது என்று பக்கத்து வளவில் ஆரோ சொன்னார்கள். செலீனா சட்டியின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. பெற்றிசியாவுக்கு எடுத்தாள்.

"அக்கா, அரை வேக்காட்டில கோழியைக் கனநேரம் விடக்கூடாது" என்றாள் பெற்றிசியா, நித்திரைக் குரலில். "ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல போனால் எறியிறதுதான் நல்லது. அத்தானுக்கும் கூடாது. வேற சட்டியில மாத்திக் காஸில வையுங்கோ."

"இதைத் தூக்கி அப்பிடியே காஸில வைக்கேலாதோ?"

"உள்சட்டி பீங்கான் அக்கா. வெடிச்சிரும்."

வேற சட்டி. செலீனா ராக்கையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த சட்டிகளைப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பெரிய சட்டியில் கொட்டி, இறக்கி, திரும்ப இதிலேயே ஊற்றிவிட்டால் றிபாத்துக்கு எப்படித் தெரியும்? சுவேதினிக்குக்கூடத் தெரியாது.

சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு சந்திக் கடைக்கு நடந்தாள். ஒரு சட்டி வாங்கினால் முடிந்தது. காற்று எதிரே நின்று தள்ளியது. கடைக் கதவு பூட்டியிருந்தது. கடைக்காரரின் மச்சானின் செத்தவீடாம், பொழுதுபட்டுத்தான் திறப்பார்களாம். மன்னாருக்குப் போய் வருவதென்றால் அந்த இரண்டு மணித்தியாலம் தாண்டிவிடும்.

திரும்பி வந்தபோது குசினிக் கதவு திறந்து கிடந்தது.

விசிறி நின்ற புழுக்கத்தில் எழும்பிய டினேஷ் உள்ளே நின்றான். கண்ணாடி மூடி அவன் கையில் இருந்தது. காஸ் அடுப்பில் பெரிய சட்டி ஏறியிருந்தது.

"என்னம்மா இது? கோழி பச்சையாக் கிடக்கு. கரண்ட் இல்லாமல் இதை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறியள்? கொண்டாங்கோ, இதில கொட்டுவம்."

"வேண்டாம். மூடியை வை."

"ஏன்?"

"வை எண்டு சொல்லுறன்."

தாயின் குரலில் இருந்த பதற்றம் அவனை நிற்கவைத்தது. மூடியை வைத்தான். அப்போதுதான் மேசையில் இருந்த புதுக் கோப்பைகளைக் கண்டான். பக்கத்தில், பிடியில் விலை ஒட்டிய தாள்கூட உரிக்காத கத்தி. பிறகு அடுப்பில் தான் ஏற்றிய சட்டியைப் பார்த்தான். அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம்தான் எடுத்தது.

"ஆர் வரப்போகினம்?"

செலீனா கத்தியைக் கோப்பைகளுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அம்மா, ஆர் எண்டு கேட்டனான்."

"உன்ர தங்கச்சியும் அவரும்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"இன்னும் சொல்லேல்லை."

டினேஷ் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். சுவரில் சாய்ந்து நின்று மெதுவாகக் கேட்டான்.

"அண்டைக்கு அவரைத் தூக்கேக்குள்ள உடம்பு சில்லெண்டு இருந்தது. வானுக்குள்ள என்ர மடியிலதான் தலை. முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான். நீங்கள் பின்னால செபமாலை சொல்லிக்கொண்டு வந்தனீங்கள். நான் அவரின்ர மூக்கடியில விரலை வைச்சுக்கொண்டு வந்தனான். திருப்பியும் அப்பிடி ஒண்டு வந்தால் ஆரம்மா தூக்கிறது?"

"டொக்டர் சொன்னவர்தானே, அவளாலதான் எண்டில்லை எண்டு…"

"டொக்டர் மடியில வைச்சிருக்கேல்லை."

செலீனா மேசையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சொல்வதில் பிழையில்லை என்பதுதான் அவளை வருத்தியது. அப்படியென்றால் மகளை வராதே என்று சொல்வதா? இந்நேரம் அவர்கள் வெளிக்கிட ஆயத்தமாகியிருப்பார்கள்.

"சரி. வந்தால் வரட்டும்" என்றான் டினேஷ். "ஆனால் இந்தச் சட்டி விளையாட்டு என்னத்துக்கு? இதில கொட்டி அவியுங்கோ. அவனுக்கென்ன தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் என்ன?"

"அவர் என்னை நம்பித்தான் வந்து சாப்பிடப்போறார், தம்பி. முதல் நாளே அவரை ஏமாத்தினால், நாளைக்கு நான் அவளின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரத்தில் முற்றத்துக்கு அப்பால், வலைக் கொட்டிலில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. கறக் என்று ஒரு இழுவை. பிறகு ஒன்றுமில்லை. திரும்பவும் கறக்.

டினேஷுக்கு அது என்ன சத்தம் என்று உடனே தெரிந்துவிட்டது. கனகாலம் ஓடாமல் கிடந்த, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற பழைய ஜெனரேட்டர். வேம்பின் கீழ் கதிரை வெறுமையாக இருந்தது. வலை நிலத்தில் கிடந்தது.

அவன் ஓடினான். செலீனா பின்னால் ஓடினாள்.

சிங்கராசா ஒரு காலை ஜெனரேட்டரில் முண்டுகொடுத்து, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வியர்த்து வெளிறியிருந்தது. மூன்றாம் முறை இழுக்கக் குனிந்தார்.

"விடுங்கோ அப்பா."

"தள்ளி நில்லு."

"உங்களுக்கு விசரோ? பாரம் தூக்கவும் கூடாது, இப்பிடி இழுக்கவும் கூடாது. டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டர் கயிறு இழுக்க வேண்டாம் எண்டு சொன்னவர். என்ர பிள்ளைக்குச் சோறு குடுக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

காற்று கொட்டிலின் தகரத்தை அடித்தது.

"உங்களுக்கு ஆர் சொன்னது?" செலீனா ஓரடி முன்னால் வந்தாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் எனக்குக் கவலை" என்றார் சிங்கராசா, மூச்சு வாங்கிக்கொண்டு. "பேசாலையில கோழி இல்லையெண்டோ எருக்கலம்பிட்டிப் பையில கோழி வந்தது? எனக்கு நெஞ்சிலதான் வருத்தம். கண்ணில இல்லை."

"சொன்னால் வேண்டாம் எண்டு சொல்லுவியளோ எண்டு…"

"கேட்டுப் பாத்தனியோ? ஒண்டரை வருஷத்தில ஒரு நாளாவது கேட்டுப் பாத்தனியோ? எனக்கு ஏதும் நடந்திரும் எண்டு அவளின்ர பேரையே நீங்கள் ரெண்டு பேரும் இந்த வீட்டில எடுக்கிறேல்லை. அது எனக்கு எப்பிடி இருந்தது எண்டு ஆரும் கேக்கேல்லை."

சொல்லிவிட்டுக் கயிற்றைத் திரும்ப உள்ளங்கையில் சுற்றினார். தோள் மேலே எழும்பியது.

டினேஷ் எட்டி அந்தக் கையைப் பிடித்தான். தகப்பன் விடவில்லை. அவனும் விடவில்லை. அவனால் நினைத்தால் ஒரு நொடியில் பறித்துவிடலாம். ஆனால் அந்த நெஞ்சோடு மல்லுக்கு நிற்க அவனுக்குப் பயம். அவனுடைய கண் கலங்கிவிட்டது.

"தாங்கோ அப்பா. நான் இழுக்கிறன்."

சிங்கராசா அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையைத் தளர்த்தினார்.

ஒரே இழுவையில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. டினேஷ் நீட்டு வயரை விரித்துக்கொண்டு குசினி வரை வந்தான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று பிளக்கைத் தாயிடம் நீட்டினான்.

"அவைக்காக இல்லை" என்றான். "அப்பாவுக்காக."

கொடியில் கிடந்த சேட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரைப்பக்கம் போனான். சாப்பாட்டுக்கு வருவாயோ என்று கேட்க செலீனாவுக்குத் துணிவு வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அடுப்பில் ஏறியிருந்த பெரிய சட்டியை எடுத்து ராக்கையில் கவிழ்த்தாள். சிங்கராசாவைக் கட்டிலில் சாய்த்து, குளிசையைக் கொடுத்து, அவருடைய மூச்சு சீராகும் வரை பக்கத்திலேயே இருந்தாள். அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் சத்தமும் வந்தது.

படலையடியில் சுவேதினி இறங்கினாள். மெலிந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. தளர்வான சட்டையைக் காற்று உடம்போடு ஒட்டவைத்தபோது செலீனாவின் கண் மகளின் வயிற்றில் நின்றது. நாலு மாதம் இருக்கும். தொலைபேசியில் அதை அவள் சொல்லவில்லை.

றிபாத் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். சுவேதினியும் அவனுக்காகத் திரும்பவில்லை. முன்னால் நடந்து வந்து தகப்பனுக்கு முன் நின்றாள். "அப்பா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. சிங்கராசா அவள் தலையில் கையை வைத்துவிட்டு, அவளைத் தாண்டிப் படலையைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்கோ தம்பி. ஏன் வெளிய நிக்கிறியள்? மண் அடிக்குது."

மேசையில் சிவப்பரிசிச் சோறும் அந்தச் சட்டியும் இருந்தன. மூடியைத் திறந்தபோது இஞ்சியும் உள்ளியும் தேனும் கலந்த வாசம் அறையெல்லாம் பரவியது. கோழி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. அடியில் போட்ட கரட் நிறம் மாறாமல் இருந்தது. பரிமாறியதும் றிபாத் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை போகவில்லை.

செலீனா அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"சட்டி புதுசு. கோப்பை, கத்தி, பலகை எல்லாம் புதுசு. சோத்துப் பானையில சோறு தவிர வேற ஒண்டும் காய்ச்சிறேல்லை. கோழி உங்கட ஊர்க் கடையில வாங்கினது."

றிபாத் தலையை நிமிர்த்தினான். "மாமி, இவ்வளவு செய்வியள் எண்டு நான் நினைக்கேல்லை. எப்பிடிக் கேக்கிறது எண்டுதான்… வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

"கேளுங்கோ. இந்த வீட்டில கேக்காமல் இருந்துதான் எல்லாம் பிழைச்சது" என்றார் சிங்கராசா. ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டார். மென்றார். "உப்புக் குறைவு. ஆனால் நல்லாத்தான் இருக்கு."

றிபாத் மெல்ல பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடத் தொடங்கினான். செலீனா அப்போதுதான் கரண்டியைத் திரும்ப எடுத்தாள். இரண்டாம் தரம் சோறு போட்டாள். மகளுக்கு இன்னொரு துண்டு வைத்தாள். சுவேதினி சாப்பிட்டாள், ஆனால் ஒரு தரமும் கணவன் பக்கம் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட அவனைத் தாண்டித் தாயிடம்தான் கேட்டாள். களைப்பாக்கும் என்று செலீனா நினைத்துக்கொண்டாள்.

வாசலில் நிழல் விழுந்தது. டினேஷ். கால் முழுக்கக் கடற்கரை மண். அவன் ஒருவரையும் சுகம் கேட்கவில்லை. தங்கையின் வயிற்றைப் பார்த்தான். பிறகு றிபாத்தைப் பார்த்தான். கரையில் இருந்து இவ்வளவு நேரமும் இதற்குத்தான் சொல் தேடியவன் போலக் கேட்டான்.

"பிறக்கப்போற பிள்ளை கோயிலுக்கோ, பள்ளிவாசலுக்கோ?"

"டினேஷ்" என்றாள் செலீனா.

"கேக்கட்டும்" என்றார் சிங்கராசா. ஆனால் அவருடைய கையும் கோப்பையில் நின்றுவிட்டது.

றிபாத் வாயைத் திறந்தான். சுவேதினி முந்திக்கொண்டாள்.

"அது இன்னும் முடிவாகேல்லை அண்ணா." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "அவர் ஒண்டு சொல்லுறார். நான் ஒண்டு சொல்லுறன். ஒரு மாசமா ரெண்டு பேரும் ஒழுங்காக் கதைக்கிறேல்லை. கொண்டாடவெண்டு நாங்கள் இஞ்ச வரேல்லை. எனக்கு வேற போக இடம் தெரியேல்லை. அதுதான் வந்தனான்."

றிபாத் தலையைக் குனிந்துகொண்டான். இல்லையென்று அவன் சொல்லவில்லை.

செலீனா கணவனைப் பார்த்தாள். இந்தச் சாப்பாடு முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காலையிலிருந்து நம்பியவள் அவள்.

சண்டைக்கென்று வந்த டினேஷ் அப்படியே நின்றான். திட்டுவதற்கு அவன் தேடி வைத்திருந்த சொற்கள் ஒன்றும் உதவவில்லை. சின்ன வயதில் அடிபட்டு வந்து நிற்பது போலவே தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அவன் கதிரையொன்றை இழுத்தான். தகப்பனுக்குப் பக்கத்தில் போடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தான்.

"முதல் சாப்பிடு" என்றான். "சாப்பிட்டிட்டு முழுக்கச் சொல்லு. அவரும் சொல்லட்டும்."